மேஸ்திரி வீட்டுப் பள்ளிக்கூடம்

1974 ஜூலை 1, திங்கள்

விடியும்போதே வெயில். மேல்காற்று. துடைக்கத் துடைக்க வீடெல்லாம் உப்புத் தூசி. இன்று அட்டவணை போட வேண்டும். ஆறு பிள்ளைகள், ஆறு வகுப்பு, ஒரு கூடம், ஒரு நான்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து நேராகப் பங்குப் பள்ளிக்குப் போயிருக்கிறார். தலைமை ஆசிரியரோடு சத்தம். பிறகு வகுப்பு வகுப்பாக ஏறி ஆறு பேரையும் இழுத்துவந்து கூடத்தில் வரிசையாக நிறுத்தினார். நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"இனிமே ஒருத்தரும் அந்த ஸ்கூல் படிய மிதிக்கக் கூடாது. டீச்சருக்குப் படிச்சவள வீட்ல வச்சிகினு ஊரான்கிட்ட எதுக்குக் கைகட்டி நிக்கணும்? இவ சொல்லிக்குடுப்பா."

இவ என்றால் நான். முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காரணம்: அந்தோணியை த.ஆ. வெயிலில் முட்டிபோட வைத்தாராம். பிள்ளைக்கு அவமானமாம். போன மாதம் இதே அந்தோணியைப் புளியங்குச்சியால் தெருவில் ஓட ஓட அடித்தவர் இவர்தான். அப்போது அவமானம் எங்கே போயிருந்தது?

இந்த நோட்டில் அவரை மேஸ்திரி என்றுதான் எழுதப்போகிறேன். அளத்தில் நாற்பது ஆள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் அவர் அதைக் கழற்றி வைப்பதில்லை.

பிள்ளைகள்:

ஸ்டெல்லா. எட்டாவது. பதின்மூன்று வயது. என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாள். "இந்தாங்க." அவ்வளவுதான். எட்டாவது முடித்துத் திண்டிவனம் ஹாஸ்டலுக்குப் போக ஆசை. என்னைவிட்டுத் தூரம் போகும் ஆசை என்றும் சொல்லலாம்.

அந்தோணி. ஏழாவது. பொய் சொல்வான், ஆனால் சரியாகச் சொல்லத் தெரியாது.

லூர்து. ஐந்தாவது. அழுவாள்.

ராஜு. நான்காவது. மற்றவர்களை அழ வைப்பான்.

செசிலி. இரண்டாவது. காது மந்தம். யாரும் நம்பவில்லை, நான் சொல்கிறேன்.

சின்னப்பன். ஒன்றாவது. இன்னும் கட்டைவிரல் வாயில்.

இவர்கள் அம்மா மஞ்சள் காமாலையில் போய் நாலு வருடம். நான் வந்து மூன்று வருடம். ஏழாவது என் வயிற்றுப் பிள்ளை, பாப்பா, இரண்டு வயது. சிலேட்டைக் கண்டால் நக்குகிறாள்.

புத்தகம்: ஸ்டெல்லாவிடம் மட்டும் முழுசாக. மற்றவை பள்ளியிலேயே கிடக்கின்றன. சிலேட்டு மூன்று, அதில் ஒன்று பாதி.

ஜூலை 2, செவ்வாய்

அட்டவணை போட்டு அடுப்படிக் கதவில் ஒட்டினேன்.

7 – 8 ஜெபம், வாய்ப்பாடு, எல்லோரும்.
8 – 9 சின்னது இரண்டும் எழுத்து. நடு இரண்டும் கூட்டல் கழித்தல். பெரியது இரண்டும் தாமாகப் படிக்க.
9 – 10 பெரியதுகளுக்குக் கணக்கு. நடுவுகள் தமிழ் எழுத. சின்னதுகள் வெளியே.
10 – 11 நான் சமைக்க. லூர்து சின்னதுகளுக்குக் கதை சொல்ல.
12 – 3 மேஸ்திரி தூக்கம். யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுத்து வேலை.
3 – 4 பூகோளம், சரித்திரம்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் இப்படி ஒன்று போட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

நடந்தது: 7.20க்கு ராஜு செசிலியின் காதில் சிலேட்டுக் குச்சியைச் சொருகினான். அரை மணி நேரம் அதை எடுக்க. 8.15க்குப் பாப்பா சின்னப்பன் எழுதிய அ-வை அழித்தாள். அவன் அவளைக் கடித்தான். 9 மணிக்குத் தசமபின்னம் ஆரம்பித்தேன். ஸ்டெல்லா புத்தகத்தோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தப் பக்கம் பாரு."

"நான் தானா படிச்சிக்கிறேன்."

"தெரியலன்னா?"

"உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

விட்டுவிட்டேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அந்தோணிக்குத் தசமபின்னம். அவனுக்கும் ஏறவில்லை.

ஜூலை 4, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. உப்பு நீரில் கொப்பளித்தேன். உப்புக்கு மட்டும் இந்த வீட்டில் குறைவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி இன்ஸ்பெக்‌ஷன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். செசிலியிடம் ஐந்தும் எட்டும் எத்தனை என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். பயத்தில் அழுதாள்.

"என்னா சொல்லிக்குடுத்த நாலு நாளா?"

"மூணு நாளு. இவளுக்குக் காது கேக்கலைங்க. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிகினு போவணும்னு ரெண்டு வருஷமா சொல்றேன்."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. திமிரு."

பிறகு எனக்கே பாடம் எடுத்தார். பரப்பளவு கணக்கைப் புத்தகத்தில் தேட வேண்டாமாம். உப்புப் பாத்தியை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம், எத்தனை கூடை உப்பு. சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எரிச்சல் என்னவென்றால், அந்தோணிக்கு அதுதான் புரிந்தது. மூன்று நாளாக மண்டையில் ஏறாத பெருக்கல் பாத்தி என்றதும் ஏறிவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பரப்பளவை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

மதியம் திடீர் மழை. அரை மணி நேரம்தான். வார இருந்த மூன்று பாத்தி உப்பு கரைந்துபோனது. மேஸ்திரி முகம் இருண்டுபோய் வந்தார். யாரையாவது அடிக்கத் தேடினார். பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் யாரும் அகப்படவில்லை. பாடம் வைத்த வாரத்தில் கண்ட ஒரே பயன்.

நோட்டு வாங்கக் கூனிமேட்டுக்கு நானும் லூர்துவும் காலையில் பஸ்ஸில் போனோம். கடை பாய் கையை விரித்தார்.

"நோட்டு எங்கம்மா வருது? பேப்பரே இல்லையாம் ஊர்ல. மளிகை கட்டற பேப்பரு வேணும்னா தர்றேன். ஒரு பக்கம் எழுதலாம். ஆமா, புள்ளைங்க ஸ்கூல்ல குடுக்கலையா?"

"நான்தான் ஸ்கூலு" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 6, சனி

கிணற்றடியில் பேச்சு. நான் வருவது தெரியாமல்.

"மேஸ்திரி வீட்ல பள்ளிக்கூடமாம்."

"அவளுக்கு என்னா, வேல வெட்டி இல்ல. உக்காந்த எடத்துல ஆனா ஆவன்னா."

வேலை வெட்டி இல்லை. விடிகாலை நாலு மணிக்கு அவருக்குக் கஞ்சி. ஐந்துக்கு இரண்டு நடை தண்ணீர். ஒன்பது பேருக்குச் சோறு, ஒன்பது பேர் துணி. நடுவில் ஆறு வகுப்பு. குடத்தைக் கல்லில் நங்கென்று வைத்தேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு அமலோற்பவம் மட்டும் பின்னாலேயே வந்தாள். "அதுங்க பேச்ச வுடுங்க டீச்சரு. என் பையனுக்கும் கணக்கு வரல. உக்கார வச்சிக்கிறீங்களா?"

டீச்சரு. மூன்று வருடத்தில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு முன் பொம்மையார்பாளையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தினமும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். இருபத்தெட்டு ஆகிவிட்டது, இனி எவன் வருவான் என்று அண்ணன் அவசரப்பட்டார். நானும் சரி என்றேன். அந்தச் சரிக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறேன்.

அமலோற்பவத்திடம் ஏழாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனாள்.

ஜூலை 7, ஞாயிறு

காலைப் பூசை. வெளியே வரும்போது கோயில் வாசலில் த.ஆ. நின்றிருந்தார். எனக்கு அந்த ஆளைக் கண்டால் ஆகாது. மூக்குப்பொடி, அழுக்கு வேட்டி, பிள்ளைகளை முட்டிபோட வைக்கும் பழக்கம். பார்க்காத மாதிரி நடந்தேன். அவரே கிட்ட வந்தார்.

"இஷ்டமில்லன்னா இல்லன்னு ஒரு வார்த்த எழுதி அனுப்பியிருக்கலாமேம்மா. ஆள வுட்டுத் திட்டணுமா? ஒரு மரியாதைக்குத்தான கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "நேரமாவுது, வா." பிடித்த இடம் சிவந்துபோகும் அளவுக்கு.

வழியெல்லாம் யோசனை. என்னிடம் எதைக் கேட்டார்? எப்போது? மேஸ்திரியைக் கேட்டேன்.

"அந்த ஆளுக்கு மூளை கெட்டுப்போச்சி."

கோழிக்குழம்பு. யாருக்கும் குறை வைக்கவில்லை. எனக்கு இறங்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

அந்தோணியைத் தனியாகப் பிடித்தேன். தண்ணீர் எடுக்கக் கூட்டிப்போய், கிணற்றடியில் யாரும் இல்லாதபோது.

"ஒன்ன ஸார் எத்தன நேரம் முட்டிபோட வச்சாரு?"

"கொஞ்ச நேரந்தான் சின்னம்மா. வாரா வாரம் வப்பாரு. பழகிப்போச்சி."

"அதுக்கா அப்பா சண்ட போட்டாரு?"

மணலைக் காலால் கிளறினான். பொய் ஒன்றைத் தேடுகிறான் என்று தெரிந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முட்டியப் பத்தி அப்பா ஒன்னுமே பேசல. லெட்டரப் பத்திதான் கத்துனாரு. என் பொண்டாட்டிக்கு லெட்டர் எழுத நீ யாருன்னாரு. ஸார் சொன்னாரு, மூணாவது டீச்சரு பிரசவ லீவுல போறாங்க, வேல காலி இருக்குது, அதான் கேட்டேன்னு."

"லெட்டர் எங்கிட்ட வரலையே."

"அக்காகிட்டதான் குடுத்தாரு."

அக்கா என்றால் ஸ்டெல்லா.

குடத்தைத் தூக்கினேன். வீடு வந்து சேரும்வரை கனமே தெரியவில்லை. அவ்வளவு கோபம்.

மத்தியானம் பாடம் ஒன்றும் நடக்கவில்லை. அட்டவணைப்படி சரித்திரம். ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அட்டவணை, கட்டிப்போன தொண்டை, கூனிமேட்டு பஸ், மளிகைப் பேப்பர், எல்லாம் எதற்கு? நான் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்பதற்கு. ஆறு பிள்ளைகளின் படிப்பை என் காலில் விலங்காக மாட்டியிருக்கிறார் மனிதர். அதற்கு அந்தோணியின் முட்டி ஒரு சாக்கு.

ஜூலை 9, செவ்வாய்

காலை. பின்பக்கம் ஸ்டெல்லா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்து ஆய்ந்தேன்.

"ஸார் குடுத்த லெட்டர யார்கிட்ட குடுத்த?"

கை நிற்கவில்லை. "அப்பாகிட்ட."

"மேல என் பேரு எழுதியிருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சி."

"உள்ள என்ன எழுதியிருந்துச்சின்னு தெரியுமா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுதான் குடுத்தியா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். மூன்று வருடத்தில் அவள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால்கூட இவ்வளவு வராது.

"எங்கம்மா பாத்திரத்துல ஆக்கறீங்க. எங்கம்மா பெட்டியில உங்க பொடவ. தம்பி தங்கச்சிங்க எல்லாம் சின்னம்மா சின்னம்மான்னு உங்க பின்னாலயே சுத்துதுங்க. ஸ்கூலு ஒன்னுதான் எனக்குன்னு இருந்துச்சி. அங்கயும் வந்து மேச போட்டு நீங்க உக்காந்துகினா நான் எங்க போறது?"

அடித்தேன். ஒன்று. கன்னத்தில் என் விரல் தடமும் மீன் செதிளும்.

அழவில்லை. "அப்பா இப்பிடிப் பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "உங்கள வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லிடுவாரு, அவ்ளோதான்னு நெனச்சேன். எங்களையும் சேத்து நிறுத்துவாருன்னு யாருக்குத் தெரியும்?" மீண்டும் நெத்திலியை எடுத்தாள்.

என்னை முடக்க நினைத்தாள். தன் எட்டாவதையே தொலைத்தாள். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் அப்படி நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் அப்படி நினைக்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, புதன்

பதினோரு மணிக்கு மேஸ்திரி சாப்பிட உட்கார்ந்தார். பிள்ளைகளை அமலோற்பவம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பரிமாறினேன்.

"ஸ்கூல்லேர்ந்து எனக்கு லெட்டர் வந்துச்சா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "வந்துச்சி."

"எங்க?"

"அடுப்புல."

இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், கத்துவார் என்று தயாராக இருந்தேன். பொய் சொல்லும் அளவுக்குக்கூட நான் முக்கியமில்லை.

"என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

"எதுக்குக் கேக்கணும்? ஆறு புள்ளைங்களப் பாத்துக்கத்தான் உன்னக் கட்டிகினு வந்தேன். ஊரான் புள்ளைக்கு மூக்கு சிந்திவுட இல்ல."

"அந்த ஆறு புள்ளைங்க படிப்பையும்தான நிறுத்திட்டீங்க?"

"எங்க நிறுத்தனேன்? அதான் நீ சொல்லிக்குடுக்கறியே."

"நான் சொல்லிக்குடுத்தா ஸ்டெல்லாவுக்கு எட்டாவது பாஸ்னு யாரு எழுதிக் குடுப்பாங்க? நீங்களா?"

அதற்கு அவர் சொன்ன பதில்: "அதான் நானும் யோசிச்சேன். அவளுக்குப் படிச்சது போதும். உப்பு சொமக்க ஆள் குறையுது. திங்கக்கிழமலேர்ந்து அளத்துக்கு வரட்டும்."

நான் தட்டை இழுத்தேன். பாதிச் சோற்றில். எனக்கே தெரியாமல் கை போய்விட்டது. அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு எழுந்து தட்டைக் காலால் உதைத்தார். அது அடுப்படிக் கதவில் மோதி விழுந்தது. குழம்பெல்லாம் அட்டவணைமேல்.

துடைக்கவில்லை. கிழித்துப்போட்டேன்.

ஜூலை 11, வியாழன்

அவர் பேசவில்லை. நானும். பிள்ளைகள் பூனை மாதிரி நடக்கிறார்கள்.

அளத்துப் பெண்களின் கால்களை நினைத்துப் பார்த்தேன். பாதமெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு. ஈரக் கூடை உச்சந்தலையில் சொட்டிச் சொட்டி நடுவகிட்டில் முடி போய்விடும். ஸ்டெல்லாவுக்கு நீண்ட முடி. என் கண்ணெதிரே அவள் என்னை வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தாங்குவேன். கூடை தூக்கிப் போவதை அல்ல.

இதைப் பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மனிதர் ஜெயிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூலை 12, வெள்ளி

12 மணிக்கு மேஸ்திரி தூங்கியதும் பாப்பாவை அமலோற்பவத்திடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மணல் கொதிக்கிறது. வழியில் ஒரு செருப்பு வார் அறுந்து, மிச்சத் தூரம் ஒற்றைச் செருப்போடு.

த.ஆ. மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அந்த லெட்டர் என் கைக்கு வரலைங்க ஸார். வேல இன்னும் காலியா இருக்குதா?"

"திண்டிவனத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டே நாளு. தண்ணி உப்புக் கரிக்குதுன்னு ஓடிட்டாங்க."

"அப்ப நான் வர்றேன்."

விரலை நக்கிக்கொண்டே யோசித்தார். "உங்க வீட்டுக்காரர் என்ன நாயின்னு சொன்னாரும்மா. நாலு வாத்தியாருங்க எதிர்ல. அவரு வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அவரு சம்மதம்னு ஒரு கையெழுத்தும் போடட்டும்."

"வேலைக்கு வர்றது அவரா நானா?"

"அதில்லம்மா..."

"மூணாவது வகுப்புக்கு ரெண்டு வாரமா ஆளு கெடையாது. என்னா பண்றீங்க? கதவ சாத்தி வச்சிருக்கீங்க. வர்ற வழியிலயே பாத்தேன். உள்ள பசங்க பெஞ்சுமேல ஏறி ஆடிகினு இருக்குதுங்க. ஃபாதர் கேட்டா மேஸ்திரி கையெழுத்துக்குக் காத்துகினு இருந்தேன்னு சொல்லுவீங்களா?"

கை கழுவ எழுந்தார். வெகு நேரம் கழுவினார்.

"திங்கக்கிழம எட்டரைக்கு வந்துடுங்க."

"ஆறு பேர் பேரும் ரிஜிஸ்டர்ல இருக்குதா?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள வந்தா இருக்கும்."

"திங்கக்கிழமையே வருதுங்க. இன்னொன்னு ஸார். இனிமே என் புள்ளைங்கள வெயில்ல முட்டிபோட வச்சீங்கன்னா அவரு திட்டனது ரொம்ப மரியாதன்னு தோணும்."

பொடி டப்பாவைத் தேட ஆரம்பித்தார். வந்துவிட்டேன். இரண்டே முக்காலுக்கு வீடு. மேஸ்திரி குறட்டை.

ஜூலை 13, சனி

ஸ்டெல்லாவிடம் பேச்சு. துணி பிழியும்போது. ஒரு முனை அவள், ஒரு முனை நான்.

"திங்கக்கிழம ஸ்கூலுக்குப் போறோம். எல்லாரும்."

"அப்பா அளத்துக்கு வரச் சொன்னாரு."

"அது தெரியும். நீ எங்க போற? அதச் சொல்லு."

போர்வையை முறுக்கினாள். நீர் என் கால்மேல் கொட்டியது.

"எனக்கு மூணாவது" என்றேன். "உன் வகுப்புக்கு வர மாட்டேன்."

"ஸ்கூல்ல எங்கிட்ட பேசக் கூடாது."

"சரி."

"யாராவது கேட்டா எங்கம்மான்னு சொல்லிக்கக் கூடாது."

"சரி. நீயும் இனிமே என் பேருக்கு வர்ற எதையும் பிரிச்சிப் படிக்கக் கூடாது."

போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். பிறகு, "சரி."

அதோடு போர்வையைக் கயிற்றில் போட்டோம். சமாதானம் இல்லை. ஒப்பந்தம்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். பிள்ளைகள் எதிரிலேயே.

"நாளைக்கு வேலைக்குப் போறேன். ஆறு பேரும் ஸ்கூலுக்கு வர்றாங்க. பாப்பாவ அமலோற்பவம் பாத்துக்குவா. அவ பையனுக்கு நான் சாயங்காலம் கணக்கு சொல்லித்தர்றேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். "அப்ப சோறு?"

இதுதான் முதல் கேள்வி. எழுதி வைக்கிறேன்.

"விடிகாலயில ஆக்கி வச்சிட்டுப் போறேன்."

"ஸ்டெல்லா ஏழு மணிக்கு அளத்துல இருக்கணும். இல்லன்னா நானே வந்து இழுத்துகினு போவேன். அப்பறம் ஒன்ன எங்க வைக்கறதுன்னு யோசிக்கிறேன்."

லூர்து அழ ஆரம்பித்தாள். ராஜு அவளைக் கிள்ளவில்லை. பயந்திருக்கிறான்.

ஜூலை 15, திங்கள்

நாலு மணிக்கு அவர் அளத்துக்குப் போனார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மூடி வைத்தேன். எட்டு மணிக்கு ஆறு பேரோடு கிளம்பினேன். ஸ்டெல்லா பத்தடி முன்னால். அளத்துக்குப் பிரியும் வழியில் ஒரு நிமிடம் நின்றாள். நான் கூப்பிடவில்லை. பள்ளிக்குப் போகும் சாலைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

செசிலியை முதல் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று இரண்டாம் வகுப்பு வாத்தியாரிடம் சொன்னேன். காதைப் பற்றியும். அவர், "அப்பிடியா, நான் திமிருன்னு நெனச்சேன்" என்றார். இவரும்.

மூன்றாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு பேர். பெஞ்சில் ஒன்று கால் இல்லாமல். நீண்ட கொட்டகையில் ஓலைத் தட்டி வைத்து மறைத்த வகுப்புகள். எங்களை அடுத்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டாவது. அவள் குரல் கேட்கும் தூரம். இது ஒப்பந்தத்தில் இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் இதை யோசிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மேஸ்திரி. முழங்கால் வரை உப்புச் சேறு, தலையில் துண்டு. எட்டாவது வாசலில் போய் நின்றார். தட்டி இடுக்கில் எனக்குத் தெரிந்தது. எட்டாவது வாத்தியார் சாக்பீஸோடு அப்படியே நின்றார். த.ஆ.வின் அறைக் கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது. அதையும் பார்த்தேன்.

"ஸ்டெல்லா. எழுந்து வா."

வகுப்பே அசையவில்லை.

நான் போகலாம். போய் அவர் முன்னால் நிற்கலாம். ஆனால் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

"வான்னு சொல்றேன்ல."

அப்போது ஸ்டெல்லாவின் குரல். சன்னமாக, ஆனால் தெளிவாக. "பாடம் நடக்குதுப்பா."

"என்னாடி பாடம்!" உள்ளே ஒரு கால் வைத்தார்.

நான் என் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். பிரம்பால் மேசையைத் தட்டினேன். "எல்லாரும் எழுந்திரிங்க. ஏழாம் வாய்ப்பாடு. அடுத்த வகுப்புக்குக் கேக்கற மாதிரி."

ஐம்பத்திரண்டு பேர். ஓரேழ் ஏழு. ஈரேழ் பதினாலு. இரண்டு வாரமாகக் கத்த ஆள் இல்லாத பிள்ளைகள். ஓலைத் தட்டி அதிர்ந்தது. மேஸ்திரி வாய் திறந்து மூடுவது தெரிந்தது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டி ஏதோ சொன்னார். மறுபடி முதலிலிருந்து என்று சைகை காட்டினேன். சத்தம் இரண்டு மடங்கு. அப்புறம் எட்டாவதிலும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அதில் அவள் குரல் இருந்ததா என்று தெரியாது. இடுக்கில் முதுகுதான் தெரிந்தது. நிமிர்ந்த முதுகு. உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஐந்தாவது தடவை முடியும்போது வாசலில் யாரும் இல்லை. தரையில் உப்புச் சேற்றில் இரண்டு கால் தடம்.

த.ஆ. கதவைத் திறந்து, "என்னம்மா இது சந்தைக்கட மாதிரி?" என்றார்.

நாலரைக்கு வீடு. சட்டி காலி. முழுக் குழம்பையும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆள் இல்லை. சாயங்கால உப்பு வாரப் போயிருப்பார். ஆறரைக்கு வருவார். என்ன செய்வார் என்று தெரியாது. உலை வைத்துவிட்டேன். ஸ்டெல்லா கேட்காமலே அரிசி களைந்து கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படிக்கிறாள்.

நாளை மூன்றாவதுக்கு எட்டாம் வாய்ப்பாடு.